“ரீபேஸ் செய்து அனுப்புங்கள்” என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் பிழையொன்றைத் திருத்தி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்பினேன். திருத்தம் மூன்றே வரி. ஆனால் என் எடிட்டர் இடைவெளிகளைத் தானாக மாற்றிவிட்டதில் 180 வரி மாறியதாகக் காட்டுகிறது. “திருத்தத்தை மட்டும் பிரித்து, ரீபேஸ் செய்து அனுப்புங்கள்” என்று பராமரிப்பாளர் எழுதியிருக்கிறார். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் எனக்கு குளோன் (நகலெடுப்பது), கமிட் (மாற்றத்தைப் பதிவது), புஷ் (அனுப்புவது) மட்டும்தான் தெரியும். கிட்டை முழுதாகப் படித்தால்தான் முடியுமா?

பதில்: வேண்டாம். முழுதும் படித்துவிட்டு இறங்கலாம் என்றிருந்தால் இறங்கவே மாட்டீர்கள். பராமரிப்பாளர் இப்படி எழுதியது நல்ல செய்திதான். வேண்டாத பேட்ச் (திருத்தம்) என்றால் அதைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். உங்கள் மாற்றத்தை அவர் வரி வரியாகப் படித்தாக வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மின்னஞ்சலில் வந்து குவியும் பேட்ச்களைச் சமாளிக்கத்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் பெயரும் சேர்த்தவர் பெயரும் தனித்தனியாக இருப்பது அதனால்தான். கமிட் என்பது இன்னொருவர் படித்து ஏற்க வேண்டிய ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் கட்டளைகள் தானாகப் புரியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ‘கிட் பிரான்ச் பழையது’ என்று அடித்து இப்போதைய நிலைக்கு ஒரு பெயர் வையுங்கள். என்ன குழப்பினாலும் திரும்பி வர வழி இருக்கும். அப்புறம் ‘கிட் ரீசெட் ஹெட்~1’. கடைசி கமிட் மட்டும் கலையும், கோப்புகளில் நீங்கள் செய்த மாற்றம் அப்படியே இருக்கும்.

இப்போது ‘கிட் ஆட் -பி’. நான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வது இதைத்தான். மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும். சேர்க்க ஒய் (y), விட்டுவிட என் (n). துண்டு பெரிதாக இருந்தால் எஸ் (s) அடித்துப் பிளக்கலாம். திருத்தமும் இடைவெளியும் அடுத்தடுத்த வரிகளில் ஒட்டிக்கொண்டிருந்தால் எஸ் உதவாது. ஈ (e) அடித்துக் கையால் திருத்த வேண்டும். மூன்று வரியும் சேர்ந்ததும் கமிட் செய்யுங்கள். முதல் வரியில் சுமார் 50 எழுத்துக்குள் என்ன மாற்றம் என்று எழுதி, ஒரு வரி விட்டு, ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அந்த ‘ஏன்’ முக்கியம். எது மாறியது என்பதை நிரலே காட்டிவிடும்.

மிச்சமிருக்கும் இடைவெளி மாற்றங்களை ‘கிட் டிஃப்’ கொண்டு ஒருமுறை பார்த்துவிட்டு ‘கிட் ரீஸ்டோர் .’ கட்டளையால் நீக்குங்கள். கமிட் செய்யாத மாற்றம் இப்படிப் போனால் கிட்டால் மீட்டுத்தர முடியாது. உங்களிடம் ‘பழையது’ இருப்பதால் பயமில்லை.

கடைசியில்தான் ரீபேஸ். மூல ரெப்போவை (அந்த மென்பொருளின் அசல் களஞ்சியத்தை) ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் ரிமோட்டாகச் சேர்த்து, அதன் புது மாற்றங்களை ஃபெட்ச் செய்து, ‘கிட் ரீபேஸ் அப்ஸ்ட்ரீம்/மெயின்’ கொடுங்கள். (மெயின் என்பது முதன்மை பிரான்ச், அதாவது கிளை. சில ரெப்போக்களில் அதன் பெயர் மாஸ்டர்.) உங்கள் கமிட்டைக் கழற்றி, இன்றைய நிரலின் மேல் திரும்ப மாட்டுவதுதான் ரீபேஸ். 180 வரியோடு இதைச் செய்திருந்தால், ஒரே வரியை இரு பக்கமும் மாற்றியதால் வரும் மோதல்களில் மாட்டியிருப்பீர்கள். மூன்று வரிக்கு அநேகமாக ஒன்றும் வராது. வந்தால் கோப்பைத் திருத்தி, ஆட் செய்து, ‘கிட் ரீபேஸ் --கன்டினியூ’. கைமீறிப் போனால் ‘--அபார்ட்’, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

ரீபேஸ் ஆன கமிட் புது அடையாள எண்ணுடன் இருக்கும், அதனால் சாதாரண புஷ் மறுக்கப்படும். ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ சேர்த்து அதே பிரான்ச்சுக்குத் தள்ளுங்கள். புல் ரெக்வெஸ்ட் தானாகப் புதுப்பிக்கப்படும், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம்.

கை நடுங்குகிறதா? ஒரு சின்ன ரெப்போவை உங்கள் கணினியிலேயே வேறு ஃபோல்டருக்கு குளோன் செய்யுங்கள். கிட்டுக்கு சர்வர் தேவையில்லை, ஃபோல்டர் பாதை போதும். ஒன்றில் பராமரிப்பாளராக ஒரு வரியை மாற்றுங்கள், மற்றதில் அதே வரியை வேறு மாதிரி மாற்றி ஃபெட்ச் செய்து ரீபேஸ் செய்து பாருங்கள். அந்த மோதலை நாலு முறை தீர்த்துவிட்டு உங்கள் பேட்ச்சுக்கு வாருங்கள். அனுப்பியதும், “இடைவெளி மாற்றங்களை நீக்கிவிட்டேன், ரீபேஸ் செய்துவிட்டேன்” என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.