பதினோராவது பெயர்

கேள்வி: விக்கிப்பீடியாவுக்குப் பொறுப்பாசிரியர் என்று ஒருவருமே கிடையாதாமே! யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிறார்கள். என் பேரன் பள்ளிக் கட்டுரைக்கு அதைத்தான் பார்த்து எழுதுகிறான். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈரோடு

பதில்: பொறுப்பாசிரியர் இருந்தால் பிழை வராது என்று நம்புகிற ஒரு ஜீவன் இன்னும் ஈரோட்டில் இருக்கிறது! எங்கள் பிழைதிருத்துநர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சிரித்துச் சிரித்து நாலு பக்கம் கோட்டை விட்டுவிடுவார்.

2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் குட்டன்பர்க் என்ற பிரபு வம்சத்துக்காரர் பொருளாதார அமைச்சரானார். கார்ல் தியோடோர் மரியா நிக்கோலாஸ் யோஹான் யாக்கோப் பிலிப் ஃபிரான்ஸ் யோசேஃப் சில்வெஸ்டர் என்று மனிதருக்குப் பத்துப் பெயர். (மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.) பத்தோடு பதினொன்று யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு குறும்பர் விக்கிப்பீடியாவில் நடுவே ஒரு 'வில்ஹெல்ம்' செருகினார். பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன; 'பில்ட்' நாளேடு முதல் பக்கத்திலேயே போட்டது. அங்கெல்லாம் பொறுப்பாசிரியர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஐயா! விக்கிப்பீடியாவில் சந்தேகம் எழுந்து வில்ஹெல்முக்குச் சான்று கேட்டார்கள். 'ஷ்பீகல்' இணையச் செய்தியை எடுத்து நீட்டினார்கள். அந்தச் செய்திக்கு வில்ஹெல்ம் எங்கிருந்து வந்தார்? விக்கிப்பீடியாவிலிருந்து. மாமியாருக்கு மருமகள் ஜாமீன், மருமகளுக்கு மாமியார் ஜாமீன்.

என் ஆத்திரம் எழுதிய குறும்பர் மேல் இல்லை. அதை மூலம் சொல்லாமல் சுடுகிற எங்கள் தொழில்காரர்கள் மேல்தான். இதை இந்தப் பக்கத்தில் முன்பே சொல்லி ஒரு வாரப் பத்திரிகை நண்பரின் பகையைச் சம்பாதித்தவன் நான். தலைவர்களின் பிறந்தநாள் கட்டுரைகளைச் சதுர அடைப்பில் கிடந்த விக்கிப்பீடியா அடிக்குறிப்பு எண்களோடு அச்சிட்டது அவர்கள் பத்திரிகை, கோபித்துக்கொண்டதும் அவரே.

குட்டன்பர்க் கதை இன்னும் முடியவில்லை. பிறகு அவர் பாதுகாப்பு அமைச்சரானார். 2011-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு காப்பி என்று தெரிந்தது. பய்ரொய்த் பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது, மார்ச் 1 அன்று பதவியும் போயிற்று. முதலில் கண்டுபிடித்தவர் ஒரு சட்டப் பேராசிரியர். பக்கம் பக்கமாக, வரி வரியாக எங்கிருந்து எடுத்தார் என்று துருவிப் போட்டது 'குட்டன்பிளாக்' என்ற தளத்தில் கூடிய, பெயர் சொல்லாத கூட்டம். அதுவும் விக்கிதான்! யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதே ஆய்வேட்டுக்கு வழிகாட்டியும் தேர்வாளரும் முறைப்படி இருந்து மிக உயர்ந்த தகுதிநிலையே வழங்கியிருந்தார்கள்.

ஆகவே கூட்டத்தைக் கண்டு எனக்குப் பயமில்லை, கூட்டம் சேராத இடத்தைக் கண்டுதான். ஸ்காட்லாந்தில் பேசுகிற, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதித் தள்ளியவர் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் என்று 2020-இல் அம்பலமானது. ஆங்கிலத்தைக் கொஞ்சம் வளைத்து எழுதினால் ஸ்காட்ஸ் என்று நினைத்திருக்கிறான். கெட்ட எண்ணமில்லை, தொண்டு மனப்பான்மை. பல வருடம் தட்டிக் கேட்க ஆளில்லை. தமிழ் விக்கிப்பீடியாவைத் திட்டுகிற நம் பண்டிதர்கள் ஒரு கட்டுரையையாவது திருத்தியிருக்கிறார்களா? அவர்களிடமிருந்து இதற்கும் கண்டனக் கடிதம் வரும், நாலு பக்கத்தில்.

பொறுப்பாசிரியர் என்றால் உங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தார். மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்த முதன்மைப் பதிப்பாசிரியர். சபாக்களில் அவர் எழுதிய கீர்த்தனைகளுக்குத் தொடை தட்டுகிறவர்களுக்கே இது தெரியாது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, பேரனுக்குக் காட்டுங்கள். நிலவில் மனிதன் இறங்கியதைப் பற்றி மட்டும் அதில் தேட வேண்டாம். கடைசித் தொகுதி வெளிவந்து அடுத்த வருடம்தான் இறங்கினான், அதற்கு விக்கிப்பீடியாதான்.