விஎச்டிஎல் (சிப்புக்குள்ள இருக்கற சர்க்யூட்டை எழுதுற மொழி) லைப்ரரி சந்தேகம் இருந்தா கேளுங்க

கேள்வி: பழைய கோடு எல்லாத்துலயும் எஸ்டிடி லாஜிக் ஆரித் (கணக்கு போடுற பேக்கேஜ்) தான் இருக்கு. லைப்ரரி பேரே ஐட்ரிபிள்ஈ (ஸ்டாண்டர்ட் போடுற அமைப்பு), அப்ப ஸ்டாண்டர்ட் தானே சார்?

பதில்: இல்லீங்க. அது சினாப்சிஸ்ங்கற டூல் கம்பெனி எழுதுனது, கொண்டுபோய் ஐட்ரிபிள்ஈ லைப்ரரிக்குள்ள வச்சிட்டாங்க, பேரைப் பாத்து எல்லாரும் நம்பிட்டாங்க. இதுல மென்டர்ங்கற இன்னொரு கம்பெனி வேற அதே பேர்ல தனி பேக்கேஜ் வச்சிருந்தாங்க, உள்ள இருக்கறது வேற. நிஜமான ஸ்டாண்டர்ட் நியூமெரிக் எஸ்டிடி, 1997ல வந்தது. ரெண்டையும் ஒரே ஃபைல்ல போடாதீங்க.

கேள்வி: ரெண்டும் போட்டேன், அன்சைன்ட் (மைனஸ் இல்லாத எண் டைப்) தெரியலன்னு எரர்.

பதில்: ரெண்டுலயும் அந்த டைப் இருக்கு, அதான் எதுவுமே கண்ணுக்குத் தெரியாம போயிடும். ஆரித்தை தூக்குங்க.

கேள்வி: ஆரித்ல முழு எண்ணா மாத்துற கான்வ் இன்டீஜருக்கு பதிலா?

பதில்: அன்சைன்டா மாத்தி டு இன்டீஜர்.

கேள்வி: ஆரித் எல்லா டூல்லயும் ஓடுதே, சும்மா எதுக்கு பயமுறுத்துறீங்க?

பதில்: எல்லா டூல்லயும் இல்ல, ஜிஎச்டிஎல்ங்கற சிமுலேட்டர் தனி ஆப்ஷன் குடுத்தா தான் ஏத்துக்கும். அது கூட பரவால்ல. எஸ்டிடி லாஜிக் வெக்டர்ல (வெறும் பிட் வரிசை) "10" பெருசா "011" பெருசா? எஸ்டிடி லாஜிக் அன்சைன்ட் (அதுவும் சினாப்சிஸ் பேக்கேஜ் தான்) வரி மேல இருந்தா 2, 3னு பாத்து ரெண்டாவது பெருசுங்கும். அந்த வரியை எடுங்க, அப்பவும் கம்பைல் ஆகும், ஆனா இடதுல இருந்து எழுத்து எழுத்தா பாத்து முதல்ல இருக்கறது தான் பெருசுங்கும். எரரும் இல்ல வார்னிங்கும் இல்ல. கூட்டலா இருந்தா எரராவது வரும்.

அதே நபர்: நியூமெரிக் எஸ்டிடி போட்டா கோடு முழுக்க கன்வர்ஷன் தானே சார், படிக்கவே முடியல.

பதில்: கணக்கு போடுற சிக்னலை ஆரம்பத்துலயே அன்சைன்ட்னு டிக்ளேர் பண்ணுங்க, போர்ட்ல மட்டும் மாத்துங்க. அதுக்கும் சோம்பேறித்தனம்னா விஎச்டிஎல் 2008ல நியூமெரிக் எஸ்டிடி அன்சைன்ட் வந்துருக்கு, அதுவாவது ஸ்டாண்டர்ட்.

கேள்வி: யுனிசிம் கிடைக்கலன்னு சிமுலேட்டர் சொல்லுது.

பதில்: அது சைலிங்க்ஸ்ங்கற சிப் கம்பெனியோட லைப்ரரி, உங்க சிமுலேட்டருக்கு தனியா கம்பைல் பண்ணணும். ரேமுக்காக அதை கூப்பிடாதீங்க, சாதாரணமா எழுதுனாலே டூல் இன்ஃபர் பண்ணும், அதாவது தானா புரிஞ்சு ரேமா மாத்திக்கும். பிஎல்எல் (கிளாக் உண்டாக்குற பகுதி) மாதிரி வேற வழியில்லாததை தனி ராப்பர்ல, அதாவது சுத்தி மூடுற ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, நாளைக்கு சிப் மாறுனா மாத்துற வேலை அந்த ஒரு ஃபைலோட முடிஞ்சிடும்.

கேள்வி: ஆரித் யூஸ் பண்ணலாமா சார்?

பதில்: மேல படிங்க.

கேள்வி: இதே மாதிரி இன்னொரு மொழியான வெரிலாக்ல?

பதில்: அங்க கதையே வேற, வெரிலாக் ஆளுங்ககிட்ட கேளுங்க.

கேள்வி: சரி, டெஸ்ட்பெஞ்ச்ல (டிசைனை சோதிக்கற கோடு) மட்டும் பழசையே வச்சுக்கலாமா?

பதில்: ரிசல்ட்டை கம்பேர் பண்றதே அங்க தாங்க. வேணாம்.