108 பணியில் இடுப்பு வலியும் மறைத்த ஊசிக் குத்தும்

கேள்வி: பெருந்துறைப் பக்கம் 108 ஆம்புலன்ஸில் நான்கு ஆண்டுகளாக மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். வயது 28. ஆறு மாதமாக இடுப்பு வலி. கடையில் வாங்கிய பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் பணிக்குப் போகிறேன். ஐந்து வாரங்களுக்கு முன் ஓடும் வண்டியில் ஒருவருக்கு வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போது ஊசி என் விரலில் குத்திவிட்டது. திட்டுவார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. என் உடம்பு இந்த வேலைக்கு ஒத்துவரவில்லையா? விட்டுவிடலாமா?

பதில்: ஊசியிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பு வலிக்கு இரண்டு நாள் பொறுக்கலாம். ஊசிக் குத்துக்கு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நாளைக் காலையே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை. கூடவே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் கொடுங்கள். குத்திய நாளிலிருந்து 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். அதுவரை ரத்ததானம் வேண்டாம். திருமணமானவர் என்றால் ஆணுறை அவசியம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்று ஏற்படும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். எனக்கு அதைவிடக் கவலை தருவது ஹெபடைடிஸ் பி. தடுப்பூசி போடாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருந்தால், அந்த வாய்ப்பு நூற்றில் முப்பது வரை போகும். பணியில் சேர்ந்தபோது முதல் தவணையைப் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படியா என்று பாருங்கள். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணையும் முடித்து, அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் எதிர்ப்பு அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தால்தான் நீங்கள் பாதுகாப்பில் இருக்கிறீர்கள்.

மறைத்ததால் நீங்கள் இழந்தது 72 மணி நேரத்தை. அதற்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைத் தொடங்கி 28 நாள் சாப்பிட்டிருக்கலாம். அந்த மாத்திரைக்கு வழிசெய்வது நிறுவனத்தின் கடமை என்று 2017-இன் எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. அதைக் கேட்க நீங்கள் கூனிக் குறுக வேண்டியதே இல்லை. இனி ஒருமுறை குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள், வாயில் வைக்காதீர்கள். கழுவிய கையோடு மேற்பார்வையாளரை அழையுங்கள்.

அந்த ஊசி ஏன் குத்தியது? வண்டி ஓடியதால். வண்டி ஓட்டும் பைலட்டிடம் "ஒரு நிமிடம் ஓரம் கட்டுங்கள் அண்ணா" என்று சொல்லியிருந்தால் நோயாளிக்கும் ஊசி ஒரே குத்தில் ஏறியிருக்கும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியில் நரம்பு தேடுவது வீரம் அல்ல. குத்தி எடுத்த ஊசிக்கு மூடி போடாமல் நேரே வெள்ளை டப்பாவில் போடுங்கள். அந்த டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பணி தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இனி இடுப்பு. உடம்பு ஒத்துவரவில்லையா என்று கேட்கிறீர்கள். ஒத்துவராதது கணக்கு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு பெட்டியை உடம்போடு ஒட்டி, எல்லாம் சரியாக அமைந்த நிலையில் தூக்குவதற்கே 23 கிலோவை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. மனிதரைத் தூக்கும்போது வரம்பு 16 கிலோவாக இறங்குகிறது. பெட்டி நெளியாது, மனிதர் நெளிவார். 70 கிலோ எடையுள்ளவரை நீங்களும் பைலட்டும் மட்டும் தூக்கினால் ஆளுக்கு 35 கிலோ. தலைப்பக்கம் நிற்பவருக்கு அதற்கும் மேல். நான்கு ஆண்டுகளாக இதைச் செய்த இடுப்பு வலிக்காமல் இருந்தால்தான் வியப்பு.

பயிற்சி வகுப்பு எடுப்பதற்கு முன், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நாள் 108 குழுவோடு போயிருந்தேன். சென்னிமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை (குடிசை வீடு). ஐப்பசி மழையில் இட்டேரி (தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை) முழுக்கச் சேறு. ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளாது, வண்டியும் உள்ளே வராது. காய்ச்சலில் துவண்டு கிடந்த பெரியவரை இரண்டு பேராகத் தூக்கிவிடலாம் என்று பைலட் குனிந்தார். உதவியாளராக வந்திருந்த பெண் அவரைத் தடுத்து, வீட்டாரிடம் பவானி ஜமுக்காளம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். பெரியவரை ஒருக்களித்துப் புரட்டி அதை அடியில் விரித்தார். இரு ஓரங்களையும் அவர் உடம்பை ஒட்டும் வரை இறுக்கிச் சுருட்டினார். சுருட்டிய விளிம்பு கைக்குள் கயிறுபோல அடங்கியது. பக்கத்துத் தோட்டத்தாரோடு பக்கத்துக்கு மூன்று பேர் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்கள். மூன்று எண்ணியதும் எழுந்தார்கள். ஆளுக்கு 12 கிலோ கூட இல்லை. ஆள் சேரக் காத்திருந்தது இரண்டு நிமிடம்.

விபத்தில் கழுத்தோ முதுகெலும்போ அடிபட்டவருக்கு இந்த முறை ஆகாது. அவருக்கு, இரண்டாகப் பிரித்து அடியில் செருகும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர்தான். மற்ற இடங்களில் சுற்றி நிற்பவர்களைக் கூச்சமின்றி அழையுங்கள். நம் ஊரில் வேடிக்கை பார்க்க வந்தவர் கைகொடுக்கவும் தயாராகவே நிற்கிறார். எங்கே பிடிப்பது என்று சொல்ல ஆள் இல்லாததால்தான் சும்மா நிற்கிறார்.

பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். அது தூக்கும்போது காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, துணிச்சலை மட்டும் கூட்டுகிறது. படுத்தே கிடக்கவும் வேண்டாம். நடக்கும் இடுப்புதான் சீக்கிரம் தேறும். இயன்முறை மருத்துவரிடம் இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாத வலி என்பதால் எலும்பு மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: வண்டியின் பின்பக்கத்தில் சீட் பெல்ட் போடுகிறீர்களா? 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், பெல்ட் போடாதவர் சுமார் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமமான வேகத்தில் முன்னே போய் மோதுவார். நம் பக்கத்துக் கிணறு ஒன்றில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு உங்கள் கை தேவைப்படாத ஒவ்வொரு நிமிடமும் பெல்ட் போட்டிருங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், சட்டம் அனுமதிப்பதைவிட அதிகமாகக் குடித்தவரின் கவனம் போல மங்குகிறது. 12 மணி நேரப் பணிக்கு வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தூங்காமல் வருவதன் விலை அது. 2020 பிப்ரவரி 20 அன்று அதிகாலையில் அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்தது நீங்கள் நாள்தோறும் போகும் அதே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில்தான். சாலையில் இறங்கும்போது ஒளிரும் சட்டை இல்லாமல் இறங்காதீர்கள்.

சாயப்பட்டறைத் தொட்டியிலோ கழிவுநீர்க் குழியிலோ ஒருவர் மயங்கிக் கிடந்தால் உள்ளே இறங்காதீர்கள். மூச்சுக் கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரட்டும். ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது மூக்குக்கு வாடையே தெரியாது. பூச்சிமருந்து உடம்பில் பட்டவரை ஏற்றினால் ஜன்னலைத் திறந்து, நைட்ரைல் கையுறையோடு அவர் துணியைக் கழற்றிப் பையில் கட்டுங்கள். அது உங்கள் தோல் வழியாகவும் இறங்கும்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். முதலில் இரண்டு காயங்களையும் எழுத்தில் கொடுங்கள். இ.எஸ்.ஐ.யில் இருந்தால் (மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய்), பணியில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. ஆனால் காயம் பணியில்தான் நேர்ந்தது என்பதற்குப் பதிவு வேண்டும். ஊசி குத்திய தேதி, நேரம், உடன் இருந்த பைலட், எந்த நோயாளியைத் தூக்கும்போது இடுப்பு முதலில் பிடித்தது என்பதையெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதுங்கள். கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.