வளர்ச்சிக்கு உதவும் புரதம் கண்ணைக் கெடுப்பது எப்படி?

கேள்வி: நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கு, விஇஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணியைத் தடுப்பதற்காகக் கண்ணில் ஊசி போடுகிறார்கள். வளர்ச்சிக்கு உதவும் புரதம் எப்படி நோயை உண்டாக்கும்? ஒரே ஊசியோடு சிகிச்சை ஏன் முடிவதில்லை?

நான் மருத்துவன் அல்லன். மொரிஷியஸில் தமிழாசிரியனாக இருக்கிறேன். வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள தீவு இது. என் தாயார் ஒருநாள் தேவாரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரியின் இரு ஓரங்களும் நேராக இருக்க நடு எழுத்துகள் மட்டும் நெளிகின்றன என்றார். கண்ணாடியை மாற்றினால் போதும் என்று நாங்கள் சில மாதங்களை வீணாக்கினோம். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விஇஜிஎஃப் இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதம். கருவில் குழாய்கள் உருவாக அது இன்றியமையாதது. அதை உண்டாக்கும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே எலிக்கரு பிழைப்பதில்லை என்பது 1996இல் தெரியவந்தது. ஆகவே இதை நோய்ப் புரதம் என்று சொல்வது பிழை. நீரிழிவில் முதலில் கெடுவது விழித்திரையின் நுண்குழாய்களே. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையால் அவை சிதைந்து அடைபடுகின்றன. உடலிலேயே மிகுதியாக ஆக்சிஜன் செலவிடும் திசுக்களுள் ஒன்றான விழித்திரை பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினியில் அதன் செல்கள் விஇஜிஎஃப்பை மிகுதியாகச் சுரக்கின்றன. நீர் வராத கரும்புத் தோட்டக்காரர் கண்ட இடத்தில் வாய்க்கால் வெட்டுவதைப் போன்றது இது. அவசரத்தில் முளைக்கும் புதுக்குழாய்கள் வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது.

என் தாயாரின் கண்ணில் புதுக்குழாய் எதுவும் முளைத்திருக்கவில்லை. அவரைப் பாதித்தது இப்புரதத்தின் மற்றொரு செயல்: இருக்கும் குழாய்களின் சுவர்ச் செல்களுக்கு இடையிலான பிணைப்பை அது தளர்த்திவிடுகிறது. 1983இல் டோனல்ட் செங்கர், ஹெரால்ட் டிவோராக் என்னும் ஆய்வாளர்கள் இப்புரதத்தை முதலில் அடையாளம் கண்டதே, குழாய்களைக் கசியவைக்கும் பொருளாகத்தான். குழாய் வளர்ச்சிக் காரணியாக இதைப் பிரித்தெடுத்து, இன்றைய பெயரை இட்டவர் நெப்போலியோன் ஃபெராரா, ஆண்டு 1989. இதைத் தடுக்கும் பெவசிசுமாப் என்னும் மருந்து 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது, ஏனெனில் கட்டிகளும் இதே புரதத்தைக் கொண்டே தமக்கு இரத்தத்தை வரவழைத்துக்கொள்கின்றன. அம்மருந்தின் மிகச் சிறிய அளவைத்தான், 0.05 மில்லிலிட்டரை, கண்ணுக்குள் செலுத்துகிறார்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நாங்கள் 'பிக்கிர்' என்று சொல்லும் இந்த ஊசி, சுரந்துவிட்ட புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறதே தவிர, அடைபட்ட குழாயைத் திறப்பதில்லை. மருந்து சில வாரங்களில் கண்ணை விட்டு நீங்கிவிடும்; பட்டினி நீங்காததால் சுரப்பு தொடரும். அதனால் தொடக்கத்தில் மாதம் ஒருமுறை போட்டு, வீக்கம் வடிவதைப் பார்த்து இடைவெளியை நீட்டுகிறார்கள். புதுக்குழாய் முளைத்தவர்களுக்குச் செய்யும் லேசர் சிகிச்சையின் தருக்கம் வேறு: விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டு ஆக்சிஜன் தேவையையே குறைத்துவிட்டால், புரதமும் குறைவாகச் சுரக்கும். கொடூரமாகத் தோன்றினாலும், காரணத்தை அறிந்தபின் அதன் கூர்மையை நான் வியந்தேன்.

மோக்காவில் ஒரு கண் மருத்துவமனைக்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயரைச் சூட்டிய நாடு இது. ஆனாலும் பார்வை மங்கும்வரை விழித்திரையைக் காட்டாதவர்களே எங்கள் உறவினரில் அதிகம். நீரிழிவு உள்ளவர் பார்வை தெளிவாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்திட்டு விழித்திரையைக் காட்ட வேண்டும். அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தால், ஊசிக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஏனெனில் இப்புரதம் மற்ற உறுப்புகளின் குழாய்களுக்கும் தேவைப்படுவது; மருந்து கண்ணைத் தாண்டினால் அங்கும் அதைத் தடுக்கக்கூடும்.

ஆறாவது ஊசிக்குப் பின் என் தாயாருக்கு நடு எழுத்துகள் நேராயின. இப்போது பத்து வாரங்களுக்கு ஒருமுறை போடுகிறார்கள்.