சிறு நகரத்தில் திரைப்பட விழா: அனுமதி முதல் ஹார்ட் டிஸ்க் வரை

கேள்வி: தஞ்சாவூரில் மாதம் ஒரு படம் திரையிட்டுப் பேசும் சிறு குழு நாங்கள், ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். சுயாதீனப் படங்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு விழா நடத்த ஆசை. இரண்டு லட்சம் ரூபாய் வரை திரட்ட முடியும். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? சென்சார் ஆகாத படங்களைக் காட்டலாமா? எங்கே, எப்படித் திரையிடுவது?

பதில்: தாராளமாக நடத்தலாம். ஊர் சிறியது என்ற தயக்கமே வேண்டாம். மதுரையில் மறுபக்கம் அமைப்பு ஆவணப்பட, குறும்பட விழாவை 1998இல் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திவருபவர் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலா விழாவை 2012இல் தொடங்கிய ரித்து சரினும் டென்சிங் சோனமும் படம் எடுப்பவர்கள்தான். தர்மசாலாவில் போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. திபெத்தியக் குழந்தைகள் கிராமப் பள்ளி வளாகத்தில்கூடத் திரையிட்டிருக்கிறார்கள். மல்டிபிளெக்ஸ் வரட்டும், ஸ்பான்சர் வரட்டும் என்று இவர்கள் யாரும் காத்திருக்கவில்லை. கிடைத்த இடத்தில், தாங்கள் சமாளிக்கக்கூடிய அளவில் தொடங்கினார்கள்.

அளவு என்பதைத்தான் நீங்களும் முதலில் முடிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டுக்கு மூன்று நாள், ஒரே திரை, பன்னிரண்டிலிருந்து பதினைந்து படம் போதும். அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு திரை வைத்தால் செலவு கூடும், அதைவிட மோசமாகக் கூட்டம் பிரிந்துபோகும். கோவையிலிருந்து பஸ் பிடித்து வந்த இயக்குநர் மேடையேறும்போது எதிரில் பத்துத் தலைதான் தெரிகிறது என்றால், அவர் அடுத்த படத்தை உங்களுக்கு அனுப்பமாட்டார்.

அனுமதி விஷயத்தில் இரண்டு சட்டங்கள் வருகின்றன. ஒன்று படம் பற்றியது, மற்றது இடம் பற்றியது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

படத்துக்கானது 1952ஆம் ஆண்டின் சினிமடோகிராஃப் சட்டம். பொதுத் திரையிடல் என்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். ஏற்கெனவே சென்சார் ஆன படமென்றால் சான்றிதழின் நகலைத் தயாரிப்பாளரிடம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. சென்சார் ஆகாத படத்துக்கு, அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மத்திய அரசு விலக்கு தரலாம். விழாவின் பெயரில், தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விழா லாப நோக்கமற்றது என்ற விவரம், படங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மொழி, நாடு, நீளம், கதைச்சுருக்கம் எல்லாம் கேட்பார்கள். இவற்றோடு முக்கியமான ஒன்று, உங்கள் முன்பார்வைக் குழுவின் பரிந்துரை. அதாவது சினிமா தெரிந்த சிலர் இந்தப் படங்களையெல்லாம் பார்த்து, திரையிடத் தகுந்தவை என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குழுவில் நண்பர்களையே போட்டு நிரப்பாதீர்கள். ஒரு திரைப்படக் கல்வி ஆசிரியர், ஒரு எடிட்டர், ஒரு விமர்சகர் என்று பெயர் சொன்னால் தெரிகிற ஆட்களாக இருக்கட்டும்.

விலக்கு கிடைத்தாலும் கதவைத் திறந்துவிட்டு டிக்கெட் விற்க முடியாது. முன்கூட்டியே பெயர் பதிந்து அட்டை வாங்கிய டெலிகேட்டுகளுக்கு மட்டும்தான் காட்சி. சென்சார் ஆகாத படத்துக்கு 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அனுமதிக்கக் கூடாது. அதனால் பள்ளி மாணவர்களை அழைக்கும் எண்ணம் இருந்தால், காலைக் காட்சிகளில் யு சான்றிதழ் படங்களை வையுங்கள். விலக்குப் படங்கள் மாலைக்கு.

கேட்ட எல்லாப் படத்துக்கும் விலக்கு கிடைத்துவிடும் என்று நம்பி அழைப்பிதழ் அடித்துவிடக் கூடாது. 2017இல் கேரள அரசின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கே மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. அரசு நடத்தும் விழாவுக்கே அந்த நிலை. எனவே சான்றிதழ் உள்ள இரண்டு மூன்று படங்களை மாற்றாகக் கையில் வைத்திருங்கள். ஒரு காட்சி ரத்தாகாமல் விழா நடக்கும்.

இடத்துக்கானது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். திரையரங்கை வாடகைக்கு எடுத்தால் உரிமம் பற்றிய கவலை அவர்களுடையது. கல்லூரி அரங்கு என்றால் முன்கூட்டியே கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்து, அவர்கள் கேட்பதை எழுதிக் கொடுத்து, காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துக் கையொப்பமிட்ட நகலை வாங்கி வையுங்கள். விழாவன்று வாசலில் யாராவது வந்து கேட்டால் நீட்ட ஒரு காகிதம் வேண்டும்.

என்னைக் கேட்டால், ஊரில் உள்ள ஒரு சிறிய திரையரங்கில் வார நாள் காட்சிகளைப் பேசி எடுப்பேன். எப்படியும் கூட்டம் குறைவாக வரும் நாள்கள் அவை, உரிமையாளர் இறங்கி வருவார். திரை, ஒலி, ஏசி எல்லாம் தயாராக இருக்கும். கல்யாண மண்டபம் மட்டும் வேண்டாம். ஆடி மாதத்தில் வாடகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் டைல்ஸ் தரையில் ஒலி எதிரொலித்து வசனமே புரியாது. கல்லூரி அரங்குதான் என்று முடிவானால், எந்த நேரத்தில் படம் காட்டப் போகிறீர்களோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் இடுக்கில் வரும் வெயில், இருட்டுக் காட்சிகளை மொத்தமாக விழுங்கிவிடும். கறுப்புத் துணிக்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும்.

படங்களைப் பெறுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. தமிழ்ச் சுயாதீன இயக்குநர்கள் பெரும்பாலும் நல்ல திரையும் கவனமான பார்வையாளர்களும் கிடைத்தால் போதும் என்று தருவார்கள். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை காட்சி என்பதை மின்னஞ்சலில் எழுதிச் சம்மதம் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஓடிடிக்கு விற்ற படமென்றால் திரையிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று இயக்குநரையே கேளுங்கள். சந்தாக் கணக்கைத் திறந்து பெரிய திரையில் ஓட்டுவது கண்டிப்பாகக் கூடாது. வெளிநாட்டுப் படங்களுக்கு விற்பனை முகவர்கள் ஒரு காட்சிக்கே சில நூறு யூரோ கேட்பது உண்டு, உங்கள் பட்ஜெட்டுக்கு அது தாங்காது. சென்னையில் உள்ள கோத்தே இன்ஸ்டிட்யூட், அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற பண்பாட்டு நிறுவனங்களை அணுகுங்கள். லாப நோக்கமற்ற காட்சிகளுக்கு அவர்கள் வழியாகப் படம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் அறிவிப்புப் போட்டு உலகம் முழுவதிலிருந்தும் படங்களை அழைக்கலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும். முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். 400 குறும்படம் வந்து, சராசரி 15 நிமிடம் என்று வைத்தால், ஒருவர் ஒருமுறை பார்த்து முடிக்கவே 100 மணி நேரம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேராவது முழுசாகப் பார்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கட்டி அனுப்பியவரின் படத்தைப் பார்க்காமலே நிராகரிப்பது பெரிய அநியாயம். காசு வாங்கிக்கொண்டு மாதம் ஒரு விருது அறிவிக்கிற விழாக்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. இளம் இயக்குநர்கள் அவற்றில் பணத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் விழா அந்த வரிசையில் சேரக் கூடாது. நீங்களே தேடி, பார்த்து, பிடித்ததை அழையுங்கள்.

அடுத்து தொழில்நுட்பம். சின்ன விழாக்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். திரையரங்கில் ஓட்ட டிசிபி வேண்டும், அதாவது அங்குள்ள சர்வர் என்ற கருவியில் ஏற்றி ஓட்டும் டிஜிட்டல் படப் பிரதி. அது வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அதை உங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று திரையில் ஒரு பெட்டி வரும். யாராவது ஆர்வக்கோளாறில் ஓகே அழுத்தினால் படம் போயிற்று. டிஸ்க் வந்ததும் நேராகத் திரையரங்கின் ஆபரேட்டர் கையில்தான் போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஒரு முழுநீளப் படத்தை சர்வரில் ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். காட்சிக்கு அரை மணி முன்னால் கொண்டுபோய் நின்றால் ஒன்றும் நடக்காது.

பூட்டிய டிசிபி என்றால் கேடிஎம் என்ற சாவிக் கோப்பும் தேவை. குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும்தான் அது படத்தைத் திறக்கும். நம் ஊர்த் திரையரங்குகள் பலவற்றில் கியூப் நிறுவனத்தின் சர்வர் இருக்கிறது. எந்த சர்வர், என்ன எண் என்று ஆபரேட்டரிடம் கேட்டு எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். சாவி காட்சி நாள் காலையிலிருந்து செல்லுபடியானால் முந்தைய இரவு ஓட்டிப் பார்க்க முடியாது. ஒரு நாள் முன்பிருந்தே செல்லுபடியாகும்படி கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஐந்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

கல்லூரி அரங்கில் லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதாக இருந்தால், சப்டைட்டில் தனிக் கோப்பாக வந்திருக்கிறதா, படத்திலேயே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் சப்டைட்டிலை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியாக வரும். முடிந்தால் ஒரே ஒரு வெளிநாட்டுப் படத்துக்காவது தமிழ் சப்டைட்டில் நீங்களே செய்யுங்கள். ஆங்கிலம் ஓடினால் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் பார்வையாளர்கள்தானே.

இரண்டு லட்சத்தில் இடம் போக மீதியின் பெரும்பகுதியை இயக்குநர்களை வரவழைக்கச் செலவிடுங்கள். ரயில் டிக்கெட், சுத்தமான அறை, மூன்று வேளைச் சாப்பாடு போதும். கேடயம், பொன்னாடை, ஃபிளெக்ஸ் எல்லாவற்றையும் முதல் ஆண்டு தள்ளிவையுங்கள், போட்டியும் வேண்டாம். சின்ன விழாவில் பரிசு வைத்தால் ஒருவர் மகிழ்வார், பதினான்கு பேர் வருத்தத்தோடு போவார்கள். படம் முடிந்ததும் அரை மணி நேரம் உரையாடல் கட்டாயம். அதை நடத்துபவர் படத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் அடுத்த படத்துக்கு நேரமாகிவிட்டது என்று விளக்கை அணைக்காதபடி அட்டவணையில் இடைவெளி விடுங்கள். பெரிய நகரத்து விழாக்களில் இயக்குநரோடு நின்று டீ குடிக்க நேரம் கிடைக்காது, உங்களால் அதைத் தர முடியும்.

தேதி: நவம்பரில் கோவா விழா, டிசம்பரில் திருவனந்தபுரமும் சென்னையும். டெல்டாவில் அப்போது மழையும் இருக்கும். பிப்ரவரியோ, ஜூலை கடைசியோ பொருத்தம். மார்ச் நெருங்கினால் தேர்வுக் காய்ச்சல், மாணவர்கள் வரமாட்டார்கள். ஜூலை என்று வைத்துக்கொண்டால், ஜனவரியிலேயே இடத்தைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மார்ச்சுக்குள் படங்கள் முடிவாகட்டும். ஏப்ரலில் முன்பார்வைக் குழு உட்கார்ந்து பார்க்கட்டும். விலக்கு விண்ணப்பம் மே மாதம் டெல்லி போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவர்கள் கூடுதல் விவரம் கேட்டு எழுதினாலும் பதில் சொல்ல நாள் இருக்கும். டெலிகேட் பதிவை ஜூன் நடுவில் திறந்தால் போதும்.