விடை கொடுக்க வேண்டிய இடம்

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகன், மனைவியுடனும் ஆறு வயது மகனுடனும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்று வாரம் வந்து தங்கிப் போகிறான். இந்த ஜூலையில் வந்து ஆகஸ்டில் திரும்பினார்கள். மீனம்பாக்கத்தில் விடைபெற்றபோது பேரன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டான். அதையே சொல்லிச் சொல்லி என் மனைவி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வார விடுமுறையில் பாசம் எப்படி ஒட்டும்?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: ‘விடைபெற்றபோது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சொல்தான். தமிழில் விடை என்பதற்கு எருது என்றும் பொருள் உண்டு. சிவபெருமானை விடையேறி என்று பாடியது அதனால்தான். அதை ஒதுக்கிவைத்தால் இரண்டு பொருள்கள் எஞ்சுகின்றன. ஒன்று, கேள்விக்குரிய பதில். மற்றொன்று, போவதற்குக் கிடைக்கும் இசைவு. இந்த இரண்டாவது பொருளில் விடை என்பது புறப்படுகிறவர் தாமாக எடுத்துக்கொள்வதன்று. இருப்பவர் கொடுக்க, போகிறவர் பெறுவது. கடல் கடந்து போகிறவனுக்கும் அடுத்த தெருவுக்குப் போகிறவனுக்கும் வீட்டுப் பெரியவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் பேரனுக்கு விடை கொடுத்தது யார், எந்த இடத்தில்?

விமான நிலைய வாசலில் யாரும் யாருக்கும் விடை கொடுக்க முடியாது என்பது என் நெடுநாள் கருத்து. பயணச்சீட்டும் பாஸ்போர்ட்டும் கையில் இல்லாதவரைக் காவலர் உள்ளே விடுவதில்லை. அது அவர் கடமை. வாசலில் வண்டியை நிறுத்திவைக்க முடியாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். மகனின் கண் வரிசையின் நீளத்தின்மீதும், மருமகளின் கண் கைப்பையிலுள்ள ஆவணங்களின்மீதும் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில், அத்தனை பேர் நடுவில், மூன்று வாரத்துக்கான கண்ணீரையும் ஆசியையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று ஒரு பாட்டியிடம் எதிர்பார்ப்பது கொடுமை.

பேரனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதை இன்றே உங்கள் மனைவியிடம் படித்துக் காட்டுங்கள். கோடையில் நமக்கும் நியூ ஜெர்சிக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு உடல் ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அந்தக் கணக்கில் குழந்தை இங்கே வந்து பழகவே ஒரு வாரத்துக்கு மேலாகியிருக்கும். பழகிய உடல், இரவானால் தூங்கத்தான் செய்யும். நம் ஊரிலிருந்து மேற்கே போகும் நெடுந்தொலைவு விமானங்களில் பெரும்பாலானவை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் கிளம்புகின்றன. மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். அரைத் தூக்கத்தில் எழுப்பிக் காலணி மாட்டி, காரில் ஏற்றி, வெளிச்சத்தில் இறக்கிவிடப்பட்ட ஆறு வயதுப் பிள்ளை யாரைத் திரும்பிப் பார்ப்பான்? அவன் திரும்பாததற்குத் தூக்கம்தான் காரணம். பாசத்தை அந்த ஒரு நொடியில் வைத்து அளக்காதீர்கள்.

மூன்று வாரம் என்கிறீர்களே, அதில் உங்களுக்குக் கிடைத்தது எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? முதல் வாரம், பகலில் உறங்கி இரவு இரண்டு மணிக்கு விழித்துப் பால் கேட்ட வாரம். விசா முத்திரைக்காக ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் காத்திருக்க வேண்டியிருந்தால் அதற்குச் சில நாட்கள் போயிருக்கும். குலதெய்வம் கோயில், பல் மருத்துவர், தியாகராய நகர், தையற்காரர். மருமகளுக்கும் தாய் தந்தையர் இருக்கிறார்கள்; உங்கள் சம்பந்தி வீட்டில் அவர்கள் தங்கிய நாட்களை உங்களிடமிருந்து பறித்த நாட்களாக எண்ணக் கூடாது. அந்த அம்மாவும் இப்போது எங்கோ ஓர் ஊரில் சாப்பிடாமல்தான் உட்கார்ந்திருப்பார்.

இதைவிடப் பெரிய சங்கடம் நாட்காட்டியில் இருக்கிறது. அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுவதும். நியூ ஜெர்சியில் பள்ளி மூடுவது ஜூன் பிற்பாதியில். அங்கிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும்போது, இங்கேயுள்ள அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் சீருடை மாட்டிப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சேர்ந்து விளையாடக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடுகிறது. பெரும்பாலான குடும்பங்களில் கல்யாணம் இல்லை. சரி, டிசம்பரில் வரலாமென்றால் அது மார்கழி. அப்போதும் கல்யாணம் இல்லை. தை பிறந்து பொங்கல் பொங்கும்போது அவர்கள் திரும்பிப் போய்ப் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சொந்தபந்தம் முழுவதையும் ஒரே கூரையின்கீழ்ப் பார்க்கக் கல்யாண வீட்டைவிட வேறு இடம் நமக்கில்லை. அந்தக் கல்யாணங்கள் நடக்காத இரண்டு மாதங்களில்தான் அவர்களால் வர முடிகிறது. பேரனுக்கு உறவுமுறை தெரியவில்லை என்று குறைப்படும் பெரியவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனி முடிவதற்குள் முகூர்த்தம் ஒன்று இருந்தால், ஒரு குடும்பமாவது தன் வீட்டுக் கல்யாணத்தை அவர்கள் வரவுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

‘பெற்றோரைத் தவிக்கவிட்டுப் போனவர்களுக்கு என்ன பரிவு?’ என்று எனக்கு மாதந்தோறும் எழுதும் வாசகர்களுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு பணி முடித்தவருக்கு முப்பது நாள் ஆண்டு விடுப்பைச் சட்டமே தருகிறது. அமெரிக்காவில் ஊதியத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் இல்லை. நிறுவனம் கொடுப்பதுதான் விடுமுறை. காய்ச்சலுக்கும் விடுப்பெடுக்கத் தயங்கி, நாள் நாளாகச் சேர்த்து, விலை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் மூன்று பேருக்குப் பயணச்சீட்டு வாங்கி ஒருவன் வருகிறான். அவனைத் தவிக்கவிட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாம் மாற்றிக்கொள்ளக்கூடியது கடைசி நாளைத்தான். அந்த மாலை முழுவதும் எடைக்கருவியைச் சுற்றியே கழிகிறது. ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ; கொக்கியில் மாட்டித் தூக்கினால் இருபத்து நான்கரை காட்டுகிறது. உடனே ஊறுகாய் வெளியே வருகிறது. பருப்புப்பொடி வேறு பெட்டிக்கு மாறுகிறது. வடாம் நொறுங்கும் என்று மருமகள் தயங்குகிறாள். பத்து நாள் வெயிலில் காயவைத்ததை எடுத்து ஓரமாக வைப்பதைப் பாட்டி பார்த்துக்கொண்டே நிற்கிறார். அதற்குள் வண்டி வந்துவிடுகிறது. விடை கொடுப்பதற்கு உரிய நேரம் அந்த எடைக்கருவியிலேயே போய்விடுகிறது.

1981-ல் என் அண்ணன் மஸ்கட்டுக்குப் புறப்பட்டான். மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனம். சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏறி, அங்கிருந்து விமானம். பிளாட்பாரச் சீட்டு வாங்கினால் பெட்டிவரை போகலாம். நாங்கள் எல்லோரும் போனோம், அப்பா மட்டும் வரவில்லை. அண்ணன் காலில் விழுந்ததும் நெற்றியில் திருநீறு இட்டு, கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, “போயிட்டு வா, உடம்பைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டு, ரிக்‌ஷா திருப்பம் தாண்டும்வரை வாசற்படியிலேயே நின்றார். கல் மனசு என்று அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம். ஸ்டேஷனில் அம்மா அழுதது அண்ணனுக்கு நினைவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம்தான் நினைவிருக்கிறது என்கிறான். வாசற்படியில் அப்பா நின்றதை மட்டும் இன்றுவரை சொல்கிறான். அந்த நாணயத்தை அவன் செலவழிக்கவே இல்லை.

அடுத்த முறை முந்தின இரவே பெட்டிகளைப் பூட்டிவிடச் சொல்லுங்கள். புறப்படும் நாளின் பகலை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடைக்கும் வேண்டாம், பார்க்க வருகிறவர்களுக்கும் வேண்டாம். மாலையில், பேரன் நன்றாக விழித்திருக்கும்போது, விளக்கேற்றி, அவன் வணங்கி, பாட்டி திருநீறு இட்டு, அவன் “போயிட்டு வரேன் பாட்டி” என்று சொல்லி, அவர் “போயிட்டு வா கண்ணு” என்று சொல்லட்டும். இரவு வண்டி வரும்போது நீங்கள் இருவரும் உங்கள் வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் மனைவியின் பட்டினி அதுவரை பொறுக்காது. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மகனைத் தொலைபேசியில் அழையுங்கள். அங்கே சனிக்கிழமை இரவு எட்டரை. பேரன் தூங்கப் போவதற்கு முந்திய நேரம். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவனிடம் யாரும் கேட்க வேண்டாம். அன்றைக்கு அவசரத்தில் சொல்ல விட்டுப்போனது என்று மகனிடம் சொல்லி, பேரனைச் சொல்லவைத்து, பாட்டி பதில் சொல்லட்டும். பிறகு அவருக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்து, நீங்களும் உடன் உட்காருங்கள்.