காயம்பட்ட வீரர்களுக்கு என்ன வாங்கித் தரலாம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். இது கட்டுரை பற்றிய கடிதம் இல்லை. ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி நண்பர்கள் குழு படிப்பை முடித்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. அதையொட்டி உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று பேசி, போரில் காயம்பட்டு ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களுக்கு நவீன உதவிக் கருவிகள் வாங்கித் தருவது என்று முடிவு செய்தோம். நிதி திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இப்போது குழுவுக்குள் மூன்று கட்சி. ஐந்து விரலும் அசையும் மின்னணுக் கை ஒன்றை ஒருவருக்குப் பொருத்தினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பணமும் சேரும் என்கிறார்கள் சிலர். பத்து மோட்டார் வீல்சேர் வாங்கி ஒரே மேடையில் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் வேறு சிலர். இதெல்லாம் அரசின் கடமை, நாம் ஏன் உண்டியல் குலுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

விளம்பரத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், வீரர்களின் அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் வைத்துக் கண்கலங்க வைக்கும் வீடியோ ஒன்று எடுக்கலாம் என்கிறார். எனக்கு அது உறுத்துகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கருவிகளை வழங்கும் விழாவுக்கும் நீங்கள் வர வேண்டும்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

விழாவுக்கு நான் வரவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். கருவி கைமாறும் நாளில் அது நன்றாகத்தான் வேலை செய்யும், வாங்குபவரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார். ஓராண்டு கழித்து அதே ஆட்களைக் கூட்டி, எது ஓடுகிறது, எது மூலையில் கிடக்கிறது என்று கேட்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். என் செலவிலேயே வந்துவிடுகிறேன்.

மூலையில் கிடப்பது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. உதவிக் கருவிகளைப் பயன்படுத்தும் 227 பேரிடம் விசாரித்து 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்கள் வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் அடியோடு கைவிடப்பட்டிருந்தன. அதோடு தொடர்புள்ளவை என்று நான்கு காரணங்களைச் சொன்னார்கள். பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்காதது, கருவி சரியாக உழைக்காதது, காலப்போக்கில் அவருடைய தேவை மாறிப்போவது, இந்த மூன்றும் யாரும் ஊகிக்கக்கூடியவைதான். நான்காவது உங்களைப் போன்றவர்களுக்கானது: கருவி சுலபமாகக் கிடைத்துவிடுவது. அளவு பார்க்காமல், பழக்கிக் கொடுக்காமல், கேட்டதும் எடுத்து நீட்டிவிட்டால் அது பரணுக்குப் போகிறது. நன்கொடையாளர் பெருமைப்படும் வேகம்தான் அங்கே வில்லன்.

அந்த ஐந்து விரல் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கைத் தசை சுருங்கும்போது தோலில் எழும் மெல்லிய மின் சமிக்ஞையை எலெக்ட்ரோடு பிடிக்கிறது, மோட்டார் விரல்களை மடக்குகிறது. பார்க்க அற்புதம். மேடையில் ஒரு தம்ளரைப் பிடித்துக் காட்டினால் கைதட்டல் அடங்காது. வீட்டுக்குப் போன பிறகு வேர்வையில் எலெக்ட்ரோடு தோலோடு சரியாக ஒட்டாமல், மூடச் சொன்னால் திறக்கும். பேட்டரியைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். பல மாடல்களுக்குத் தண்ணீரும் தூசியும் ஆகாது. எடை வேறு. அசல் கையின் எடை அளவே இருந்தாலும், எலும்போடு சேராமல் தோலில் தொங்குவதால் சாயங்காலத்துக்குள் தோள் இற்றுப்போகிறது என்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. மரம் அறுக்கும் ஆலையில் வலது கையை இழந்த டோரன்ஸ் என்ற அமெரிக்கர் தனக்காக வடிவமைத்து 1912இல் காப்புரிமை வாங்கியது. மறுதோளைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு கேபிள். தோளை முன்னால் தள்ளினால் கொக்கி இரண்டாகப் பிளந்து திறக்கும், தளர்த்தினால் ரப்பர் வளையம் இழுத்து மூடிக்கொள்ளும். நூறாண்டு தாண்டியும் இந்த அமைப்பு வழக்கத்தில் இருக்கிறது. காரணங்கள் மிகச் சாதாரணமானவை. கொக்கியின் முனை கண்ணுக்குத் தெரிவதால் கீழே கிடக்கும் ஆணியைப் பொறுக்கலாம். கொக்கி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கேபிளின் இழுப்பில் தோளுக்குத் தெரியும். சேற்றில் விழுந்தால் கழுவிக்கொள்ளலாம், கேபிள் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். தோட்ட வேலை, பட்டறை வேலை பார்க்கும் பலர் மின்னணுக் கையைப் பெட்டியில் வைத்துவிட்டு இதை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

அதற்காக எல்லோருக்கும் கொக்கி போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் இருக்கும் இடத்தில் கொக்கியோடு போக மனம் ஒப்பாதவருக்கு விரல்கள் உள்ள கைதான் சரி. அந்த ஆசையில் குறை காண நமக்கு உரிமை கிடையாது. தீர்மானம் அவருடையதாக இருக்க வேண்டும், அவ்வளவே. உங்கள் குழுவில் நடந்த மூன்று கட்சி விவாதத்தில் காயம்பட்டவர் ஒருவராவது இருந்தாரா? கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன், தென்படவில்லை.

எனக்குத் தெரிந்த முன்னாள் வீரர் ஒருவருக்குக் கண்ணிவெடியில் ஒரு கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. காலையில் ஸ்டம்ப் மேல், அதாவது எஞ்சியிருக்கும் தொடை மேல், ஓர் உறையைப் போட்டு, செயற்கைக் காலின் மேல்பகுதியில் இருக்கும் சாக்கெட் என்ற கிண்ணத்துக்குள் இறக்குவார். நேரம் ஆக ஆக ஸ்டம்ப் சற்றே வற்றும், சாக்கெட் ஆடும். எங்காவது ஓரமாக உட்கார்ந்து, காலைக் கழற்றி, இன்னோர் உறையை ஏற்றிக்கொண்டு எழுந்து வருவார். மாலைக்குள் மூன்று உறை ஆகிவிடும். இரண்டோடு சமாளித்து நடந்தால் மறுநாள் புண். அவரிடம் இருப்பது கம்ப்யூட்டர் வைத்த முழங்கால். 1997இல் ஜெர்மானிய நிறுவனமான ஓட்டோபாக் கொண்டுவந்த சி-லெக் வழியில் வந்த ரகம். படியில் இறங்கும்போது மடங்கும் வேகத்தை அதுவே கட்டுப்படுத்தும். அருமையான கருவி, தடுக்கி விழும் பயம் பாதி போய்விட்டது என்பார். ஆனால் அவர் நாள் நன்றாகப் போவதும் கெடுவதும் முழங்காலால் இல்லை, மேலே இருக்கும் சாக்கெட்டால். காலை இழந்த முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும், சாக்கெட்டைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிவரும். வெடியில் உறுப்பை இழந்தவர்களுக்கு எஞ்சிய தசைக்குள்ளேயே எலும்பு முளைப்பது சகஜம். முளைத்தால் பழைய சாக்கெட் குத்தும். உள்ளே போடும் சிலிக்கோன் லைனர் தேய்ந்து கிழியும். இரண்டாவது சாக்கெட்டுக்கும் நான்காவது லைனருக்கும் யாராவது விழா எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

வீல்சேர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பத்து பேருக்கு ஒரே மாதிரி வீல்சேர் என்பது பத்து பேருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்குவது போல. முதுகுத்தண்டு அடிபட்ட பலருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. இருக்கையின் அகலமும் மெத்தையும் பொருந்தாவிட்டால் படுக்கைப் புண் வரும், அது உயிரையே எடுக்கும். அடுத்தது, கைகளில் வலுவுள்ளவருக்கு மோட்டார் எதற்கு? கையால் தள்ளும் எடை குறைந்த நாற்காலி என்றால் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்குத்தான் மோட்டார் உயிர்நாடி. இரண்டாம் உலகப் போரில் அப்படிக் காயம்பட்டு வந்தவர்களுக்காகத்தான் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஜார்ஜ் கிளைன் மின்சார வீல்சேரை உருவாக்கினார். அதையும் வாசலில் இரண்டு படி இருக்கும் வீட்டுக்கு அனுப்பினால் வராந்தாவோடு சரி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நிதியில் சிமென்டுக்கும் கொத்தனாருக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

வசதி குறைந்த இடங்களில் வீல்சேர் வழங்குவதற்கென்று உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் எட்டுப் படிகள் இருக்கின்றன. ஆளைக் கண்டறிந்து அனுப்புவதில் தொடங்கி, உடலைப் பரிசோதிப்பது, தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பழக்குவது, பிறகு தொடர்ந்து கவனிப்பது வரை. பணம் ஏற்பாடு செய்து ஆர்டர் கொடுப்பது அதில் ஒரே ஒரு படி. உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு படியில் நின்றுகொண்டிருக்கிறது.

சில நேரம் கருவிக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, கற்றுக்கொடுப்பதுதான் எல்லாம். பார்வையிழந்தவர் நீண்ட வெள்ளைக்கோலை இடமும் வலமும் வீசி, அடுத்த அடி வைக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து நடப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில், பார்வையிழந்த வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை அது. கோலின் விலை அன்றும் அற்பம். இன்று திரையைப் படித்துச் சொல்லும் வசதி கைபேசியிலேயே வருகிறது. கணினிக்கு அதே வேலையைச் செய்யும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசம். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித்தர ஆள்தான் இல்லை. ஒரு பயிற்சியாளரின் இரண்டாண்டுச் சம்பளத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் குழுவே கொட்டாவி விடும். ஆனால் எத்தனை பேருக்கு அது போய்ச் சேரும் என்று கணக்குப் போடுங்கள்.

அரசின் கடமை என்கிற நண்பர் சொல்வது சரி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. அரசு கொடுக்க வேண்டியதை நாம் கொடுத்தால் அரசுக்குத்தான் மிச்சம். ஆகவே முதலில் சட்டப்படி அவர்களுக்கு என்னென்ன சேர வேண்டும் என்று பாருங்கள். மனு எழுதி, மருத்துவச் சான்று வாங்கி, அலுவலகத்துக்கு அலைய ஓர் ஆளை வைத்தால் நீங்கள் திரட்டுவதைவிடப் பல மடங்கு அதிலேயே வந்து சேரலாம். விதிகள் எட்டாத இடத்துக்கு உங்கள் பணம் போகட்டும். ஓடுவதற்கான கால், காரில் கையால் இயக்கும் பிரேக், பேரனோடு விளையாட ஒரு கன்ட்ரோலர். சிரிக்க வேண்டாம். காயம்பட்ட வீரர்களுக்காக வீடியோ கேம் கன்ட்ரோலர்களை மாற்றியமைத்துத் தந்துகொண்டிருந்த வார்ஃபைட்டர் எங்கேஜ்டு என்ற சிறு தொண்டு அமைப்பின் வேலையைப் பார்த்துத்தான் மைக்ரோசாஃப்டுக்கு அந்த எண்ணம் வந்தது. 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் அதன் விளைவு. விளையாட ஆசைப்படுவது ஒரு தேவையா என்று நன்கொடையாளர் புருவத்தை உயர்த்துவார். அவர் மாலை நேரத்தை என்ன செய்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

வீடியோ உங்களை உறுத்துவது நியாயம்தான். கண்ணீருக்குப் பணம் விழும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் போடுகிறவர் ஒருமுறை போட்டுவிட்டு மனம் லேசாகிப் போய்விடுவார், மூன்றாம் ஆண்டு பேட்டரி மாற்றப் பணம் கேட்டால் வரமாட்டார். இதைவிடப் பெரிய சிக்கல் வாங்குகிறவர் பக்கம் இருக்கிறது. இத்தனை பேர் அழுது கொடுத்ததைப் போய், பொருந்தவில்லை, வலிக்கிறது என்று யார் வாயைத் திறந்து சொல்வார்? அதுவும் கஷ்டத்தைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்ட ராணுவத்து ஆள். நன்றியுணர்ச்சி குறையை மூடிவிடும், கருவி மூலைக்குப் போகும். தவிர, கேமராவுக்குத் தெரிவது இல்லாத கையும் காலும் மட்டுமே. குண்டுச் சத்தத்தில் காது போனவர், காதுக்குள் ஓயாத இரைச்சலோடு தூங்க முடியாதவர், மூளையில் அடிபட்டு மாத்திரை நேரம் மறந்துபோகிறவர், இவர்களுக்குப் படத்தில் இடமில்லை. படத்தில் இல்லாதவருக்குப் பட்டியலிலும் இடம் கிடைக்காது.

வீடியோ வேண்டும் என்றால் எடுங்கள், அந்த வீரர் கெட்டிக்காரராக இருக்கும் இடத்தில் எடுங்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் காயம்பட்ட ஆண்களும் பெண்களுமாகப் பதினாறு முன்னாள் படையினர் வீல்சேரில் இருந்தபடி வில் பிடித்தார்கள். பாராலிம்பிக் அதிலிருந்து முளைத்தது. வந்தவர்கள் பார்த்தது அம்பு எங்கே போய்த் தைக்கிறது என்பதை. எடுத்த வீடியோவை முதலில் அவரும் அவர் பிள்ளைகளும் பார்க்கட்டும். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், கருவி மட்டும் அவருக்குப் போகட்டும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள், நண்பர்கள்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2016இல் அமெரிக்காவில் காயம்பட்ட வீரர்களுக்கான மிகப் பெரிய அமைப்பு ஒன்றில், விழாக்களுக்கும் பயணங்களுக்கும் பணம் தண்ணீராய் ஓடுகிறது என்ற செய்தி வெளியாகி, தலைமையில் இருந்த இருவர் வெளியேற்றப்பட்டார்கள். அத்தனை பெரிய இடத்திலேயே அப்படி. வரவு செலவு மாதாமாதம் எல்லோர் கண்ணிலும் படட்டும். திரட்டுவதில் பாதியை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், சாக்கெட், லைனர், பேட்டரி, டயர், பழுது, போக்குவரத்து இவற்றுக்கு, ஐந்தாண்டுக்கு. இப்படிச் செய்தால் பத்துப் பேர் ஐந்து பேராகக் குறைவார்கள். குறையட்டும்.

வாங்குவதற்கு முன் ஒன்று விசாரியுங்கள்: பழுதானால் யார், எங்கே, எத்தனை நாளில் சரிசெய்வார்கள்? விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் என்ற செயற்கைக் கண்ணை உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். தயாரித்த நிறுவனம் 2019இல் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் இருக்கும் கருவிக்கு உதிரி பாகம் கேட்க இடமில்லாமல் போயிற்று.

அடுத்த வாரமே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். முன்னாள் படையினருக்குச் செயற்கை உறுப்பு பொருத்தும் மையம் ஏதாவது ஒன்றுக்கு இரண்டு பேராகப் போங்கள். மேலாளரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, நேராகப் பட்டறையில் சாக்கெட் வார்க்கும் டெக்னீஷியனிடம் போய் உட்காருங்கள். நன்கொடையாக வந்து உபயோகப்படாமல் கிடப்பவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏன் அங்கே வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நண்பர் குழுவின் அடுத்த கூட்டத்தில் முதலில் அதை வாசித்துவிட்டு, பிறகு மின்னணுக் கையா, வீல்சேரா என்று பேசுங்கள்.